மருந்துக் கொட்டகை இருந்த இடம்

இருசம்மாள் அக்காவை நான் முதலில் பார்த்தபோது, ஓர் அம்மியை மடியில் வைத்துக்கொண்டு லாரியின் மேல் உட்கார்ந்திருந்தார். மலாயாவில், 1951ஆம் வருடம், மார்ச் மாதம். கல்மேட்டுத் தோட்டத்தில் மூலைக்கொன்றாகக் கிடந்த மூன்று லயங்களையும், அந்தத் தொழிலாளர் வீட்டு வரிசைகளை, காலி செய்து, ஆபீசுக்குப் பின்புறம் முள்வேலி போட்ட ஒரே இடத்தில் எல்லாரையும் குடிவைத்த வாரம் அது. சட்டி பானை, கோழிக்கூடு, கழற்றிய கதவுப் பலகைகள் என்று லாரி நிறைந்திருந்தது. அம்மி உருண்டு யார் காலிலாவது விழுந்துவிடும் என்று அவர் அதை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தார். அவருடைய கணவர் சிவசாமி லாரிக்குப் பின்னால் நடந்து வந்தார். மகள் ஜெயா தகப்பனாரின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

என் பெயர் ரம்லா. தோட்டத்துக் கடைக்காரர் யூனுசுக்கு வாழ்க்கைப்பட்டு அப்போது எட்டு மாதம் ஆகியிருந்தது. என் பிறந்த ஊர் தஞ்சோங் கிளிங். கடலோரத்தில் வளர்ந்த எனக்கு, ஜாசினிலிருந்து ஏழு மைல் உள்ளே, நாலா பக்கமும் ரப்பர்ப் பால்மரமாக நின்ற அந்தத் தோட்டம் மூச்சு முட்டியது. எங்கள் கடையையும் வேலிக்குள் மாற்றச் சொல்லிவிட்டார்கள். புதுக் கடைக்கு அடுத்த லயத்தில் முதல் வீடு இருசம்மாள் அக்காவுக்குக் கிடைத்தது. அப்படித்தான் நாங்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆனோம்.

அவசரகாலம் அறிவித்து ஏறக்குறைய மூன்று வருடம் ஓடியிருந்தது. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குத் தோட்டத்து ஜனங்கள் சோறு கொடுத்துவிடுவார்கள் என்ற பயத்தில் வேலியும் வாசலும் காவலும் வந்தன. விடியற்காலையில் வேலைக்குப் போகிறவர்களை வாசலில் நிறுத்திச் சோதிப்பார்கள். பெண்களைச் சோதிக்க ஒரு பெண் இருந்தாள். ஒரு பிடி அரிசி மடியில் இருந்தாலும் ஜெயில்தான். கடையில் நாங்கள் விற்கிற சார்டின் டின்னைக்கூட ஆணியால் ஓட்டை போட்டுத்தான் கொடுக்க வேண்டும். ஓட்டை போட்ட டின் மறுநாளுக்குத் தாங்காது, காட்டுக்கும் போகாது என்பது கணக்கு. அரிசி அட்டைக்கு அளந்து கொடுத்த அளவுதான்.

இருசம்மாள் அக்காவுக்கு அப்போது முப்பத்துநான்கு வயது. அந்தத் தோட்டத்திலேயே பிறந்தவர். புல்வெட்டுக் கும்பலில் வேலை. அதிகம் பேசமாட்டார். பேசினால் எதிராளியின் முகத்தை நேராகப் பார்த்துப் பேசுவார். சிவசாமி அண்ணன் பால் வெட்டுகிறவர், பாட்டுப் பாடுகிற மனிதர். அவர் பாடிக்கொண்டு வந்தால் மத்தியானம் இரண்டு மணி என்று எனக்குத் தெரியும்.

வேலிக்குள் குடிவந்த ஜனங்களுக்கு ஒரே ஒரு சந்தோஷம் இருந்தது. அது கிணறு.

பழைய கிணறு வேலிக்கு வெளியே கால் மைல் தள்ளி, காட்டோரமாக மூன்றாவது லயத்தின் கீழே இருந்தது. அந்தத் தண்ணீரில் இரும்பு அதிகம். இறைத்து வைத்தால் மேலே எண்ணெய் போல ஓர் ஆடை படியும். வெள்ளை வேட்டி இரண்டே மாதத்தில் செம்மண் நிறமாகிவிடும். சோறு மஞ்சளாக வேகும். துருத்தண்ணி என்றே அதற்குப் பெயர். புதிதாக வேலிக்குள் வெட்டிய கிணற்றில் பதினைந்து அடியில் ஊற்று வந்தது. அடியில் கிடக்கும் மணலை எண்ணலாம், அவ்வளவு தெளிவு. வாயில் விட்டால் இனிப்பு. வேலையை மேற்பார்க்கும் மண்டோர் சாமிக்கண்ணு தேங்காய் உடைத்துச் சூடம் காட்டினார். பெண்கள் வரிசையாக நின்று முதல் குடம் இறைத்தார்கள். ஆபீஸ் தலைமைக் கணக்கரான பெரிய கிராணியின் மனைவிகூட வந்து ஒரு செம்பு வாங்கிக் குடித்துப் பார்த்தார்.

நான் அந்தத் தண்ணீரைக் குளிக்கவும் துவைக்கவும் எடுத்தேனே தவிரக் குடிக்கவோ சமைக்கவோ எடுக்கவில்லை. அதற்குக் காரணம் வெறும் பழக்கம்தான். தஞ்சோங் கிளிங்கில் கிணற்றில் உப்பு ஏறும் என்பதால் எங்கள் வீட்டில் மழைத்தண்ணீரைத்தான் குடித்து வளர்ந்தோம். கடையின் தகரக் கூரைக்கு என் கணவர் மழைநீர் வழிந்து விழ ஒரு பீலி வைத்துக் கொடுத்தார். இரண்டு பெரிய சாடிகளில் மழைத்தண்ணீர் பிடித்து, துணியால் வடிகட்டிக் காய்ச்சி வைப்பேன். மழைக்கு அங்கே குறைவில்லை. நல்ல கிணற்றை விட்டுவிட்டுக் கூரைத் தண்ணீரைக் குடிக்கிற கடைக்காரன் பெண்சாதி என்று என்னைக் கேலி செய்தார்கள். நானும் சிரித்துக்கொண்டேன்.

ஒரு வருடம் கழிந்த பிறகு ஒவ்வொன்றாக ஆரம்பித்தது. முதலில் வயிற்றுவலி, பேதி. அது தோட்டத்தில் புதிதல்ல. பிறகு சிலருக்கு மார்பிலும் முதுகிலும் கறுப்புக் கறுப்பாகப் புள்ளிகள் விழுந்தன. புழுதியில் நாலு தூறல் விழுந்தால் எப்படி இருக்குமோ அப்படி. உள்ளங்கையில் மிளகு மிளகாகத் தடித்தது. கால் மரத்துப்போகிறது, பஞ்சுமேல் நடப்பதுபோல் இருக்கிறது என்றார்கள். ராஜம்மாவின் எட்டு மாதப் பெண் குழந்தை, கஞ்சித்தண்ணீர் கொடுக்க ஆரம்பித்ததிலிருந்து தேறவே இல்லை. ஆகஸ்ட் மாதம் இறந்துபோனது. ராஜம்மா இருசம்மாள் அக்காவோடு ஒரே கும்பலில் வேலை செய்தவள், இருபத்துமூன்று வயது. அடுத்த மாதம் கீழ் வரிசையில் ஒரு கிழவரும், அதே வீட்டில் ஒரு குழந்தையும் இறந்தார்கள்.

தோட்டத்தில் வைத்தியம் பார்க்கும் டிரசர் தனபாலன் கவனமான மனிதர். வீடு வீடாகப் போய்க் காலைத் தட்டிப் பார்த்தார், முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டினார். "பெரிபெரிதான். தீட்டின அரிசியாவே சாப்பிடறாங்க. வேற காய்கறி கெடையாது" என்றார். அவருடைய நியாயம் சரியாகத்தான் இருந்தது. ஜப்பான்காலத்தில் அவர் எத்தனையோ பெரிபெரி பார்த்தவர். விட்டமின் மாத்திரை கொடுத்தார், தவிட்டுக்கஞ்சி குடிக்கச் சொன்னார். தவிட்டுக்கஞ்சியையும் ஜனங்கள் அதே கிணற்றுத் தண்ணீரில்தான் காய்ச்சினார்கள்.

அரிசி என்றதும் பழி எங்கள் கடைமேல் வந்தது. மட்ட அரிசியைக் கலக்கிறார் பாய் என்று ஒருவர் சொன்னார். வண்டுக்கு மருந்து தூவுகிறார் என்று இன்னொருவர் சொன்னார். என்னோடு நாளெல்லாம் பேசிய பெண்கள் அட்டையை நீட்டிவிட்டு வேறு பக்கம் பார்த்தார்கள். என் கணவர் அரிசி மூட்டையை எல்லார் எதிரிலும் பிரித்துக் கொட்டிக் காட்டினார். ஒன்றும் மாறவில்லை.

அந்தச் சமயத்தில்தான் சிவசாமி அண்ணன் ஒருநாள் பால்மரங்களுக்கிடையே பாதையில் வரும்போது, பின்னால் வந்த அங்கமுத்து என்பவர் கூப்பிட்டார்.

"அண்ணே, கால்ல ரத்தம்."

சிவசாமி அண்ணன் குனிந்து பார்த்தார். பால் பிடிக்கிற பீங்கான் கோப்பையின் உடைந்த துண்டு ஒன்று பாதத்தில் முழுசாக இறங்கியிருந்தது. எத்தனை தூரம் அதோடு நடந்தார் என்று அவருக்கே தெரியவில்லை. பாதை நெடுகிலும் ரத்தம் சொட்டியிருந்ததாக அங்கமுத்து சொன்னார்.

டிரசர் கட்டுப்போட்டார். புண் ஆறவில்லை. விரல் நுனி கறுத்தது. இருசம்மாள் அக்கா மஞ்சள் அரைத்துப் போட்டார், வெந்நீர் ஒத்தடம் கொடுத்தார். ஒருநாள் காலை கடைக்கு வந்தவர், அரிசி வாங்க அட்டையை நீட்டாமல் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"ரம்லா, ஒன் கையைக் காட்டு."

காட்டினேன். உள்ளங்கையைத் தடவிப் பார்த்தார். நகத்தைப் பார்த்தார். அதற்குள் எனக்குப் பிறந்து இடுப்பில் இருந்த கைக்குழந்தையின் கையையும் விரித்துப் பார்த்தார். பிறகு தன் கையை என் கைக்குப் பக்கத்தில் வைத்தார். அந்த உள்ளங்கை மணலை ஒட்டவைத்ததுபோல் இருந்தது. ஒவ்வொரு நகத்திலும் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு ஓடியது.

"நீங்க என்ன அரிசி சாப்பிடறீங்க?"

"இதேதான் அக்கா. அட்டை அரிசி. இதே மூட்டையிலேர்ந்துதான் எடுப்போம்."

"உப்பு, பருப்பு?"

"எல்லாம் இதேதான்."

 அவர் கண் கடைக்குப் பின்புறம் போனது. பீலியின் கீழே இருந்த சாடியில் நின்றது.

"குடிக்கிறது மட்டும் அது" என்றார். அது கேள்வியாக இல்லை. அரிசி வாங்காமலே திரும்பிப் போய்விட்டார்.

நான் அப்போது ஒன்றும் புரிந்துகொள்ளவில்லை. அவர் வீட்டில் அன்றைக்குச் சோறு இல்லையோ என்றுதான் கவலைப்பட்டேன்.

சிவசாமி அண்ணனை மலாக்கா பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். காலை எடுக்க வேண்டும் என்றார்கள். எடுத்தார்கள். மூன்றாவது வாரம், நவம்பர் மாதம், இறந்துபோனார். உடலைக் கொண்டுவந்த லாரி வாசலில் நின்றபோதும் சோதனை போட்டார்கள். சோதனை போட்டவர்களைக் குறைசொல்ல முடியாது, சட்டம் அப்படி. இருசம்மாள் அக்கா லாரிக்குப் பக்கத்தில் நின்று, போர்வையைத் தூக்கிப் பார்க்கிறவரைக்கும் காத்திருந்தார். அழவில்லை.

பதினாறாம் நாள் முடிந்த மறுநாள் மத்தியானம். நான் கடைப் பின்கட்டில் உட்கார்ந்து பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அக்கா வந்து எதிரில் உட்கார்ந்தார். முறத்தில் பாதியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு அவரும் பொறுக்க ஆரம்பித்தார். தடித்த விரலுக்குச் சின்னக் கல் அகப்படவில்லை.

"ரம்லா, நான் ஒன்னு சொல்றேன். கேட்டுட்டு எழுந்து போயிராதே."

"சொல்லுங்க அக்கா."

"கெணறு இருக்கே, அந்த எடத்துல முன்னாடி ஒரு கொட்டகை இருந்துச்சு. எனக்கு அப்போ பதினேழு வயசு. லாலான் புல்லுக்கு அடிக்கிற மருந்து டிரம்முல வரும். நாலு பொண்ணுங்க அங்கே வேலை. தண்ணி ஊத்திக் கலக்கி, அடிக்கிறவங்களுக்கு வாளியில ஊத்திக் கொடுக்கணும். சாயங்காலம் பம்பு, வாளி எல்லாத்தையும் அங்கேயே கழுவி ஊத்திட்டு வருவோம். மூணு வருஷம் அந்த வேலை செஞ்சேன். டோபியோட மாடு ஒன்னு வாளி ஓரத்தை நக்கிச்சு. உப்புக் கரிக்கும்போல, ஆசையா நக்கிச்சு. ராத்திரிக்குள்ள செத்துப்போச்சு. பாஷாணம்னு அப்பவே எங்களுக்குத் தெரியும்."

என் கை முறத்தில் நின்றுவிட்டது.

"ஜப்பான்காரன் வந்தப்போ கொட்டகை சரிஞ்சு போச்சு. ஆபீஸ் காயிதமெல்லாம் கொளுத்திட்டாங்க. இப்ப இருக்கற துரைக்குத் தெரியாது. மண்டோர் சண்டைக்கு அப்புறம் வந்தவரு. கூட வேலை செஞ்ச மூணு பேருல ஒருத்தி செத்துட்டா. ஒருத்தி ஊருக்குப் போயிட்டா. இன்னொருத்தி ஜொகூர்ப் பக்கம் கட்டிக்கிட்டுப் போனா. தெரிஞ்சவ நான் ஒருத்திதான்."

"கெணறு வெட்டும்போது உங்களுக்கு…"

"தெரியும். முளை அடிச்சப்பவே தெரியும். சொல்லலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. பதினஞ்சு வருஷ மழை அடிச்சிருக்கே, இன்னுமா இருக்கப்போவுதுன்னு நெனச்சேன். தண்ணியும் கண்ணாடியாட்டம் வந்துச்சு. எல்லாரும் சந்தோஷமா இருந்தாங்க. நான் ஒருத்தி போய் என்னத்தச் சொல்ல. விட்டுட்டேன்."

அவர் மறுபடி கல் பொறுக்க ஆரம்பித்தார்.  "நீங்களா செஞ்ச வேலையா அக்கா? துரை சொன்னாரு, செஞ்சீங்க" என்றேன்.

"ஊத்தச் சொன்னவங்க யாரும் இந்தத் தண்ணியக் குடிக்கலியே" என்றார். "குடிச்சது நாங்கதானே."

என் கணவரிடம் சொல்லி டிரசரிடம் பேசச் சொல்கிறேன் என்றேன். அவர் தலையை ஆட்டி மறுத்தார். "பாய் சொன்னா, அரிசிமேல வந்த பழியக் கெணத்துமேல தள்ளுறாருன்னுதான் சொல்வாங்க. நான்தான் சொல்லணும்."

மறுநாளே மண்டோர் சாமிக்கண்ணுவிடம் போய்ச் சொன்னார். மண்டோர் கெட்டவரல்ல, பயந்தவர். "இருசம்மா, புருஷன் போன துக்கத்துல பேசறே. இந்த எடத்தப் பார்த்துக் கொடுத்தது போலீசு. வேலிக்கு வெளியே இருக்கற பழைய கெணத்துக்குப் போவணும்னு நாம கேட்டா, எதுக்கு வெளியே போவப் பார்க்கறீங்கன்னு கேப்பாங்க. பேசாம இரு" என்றார்.

அக்கா பேசாமல் இருக்கவில்லை. ஆனால் சத்தமும் போடவில்லை. மறுநாள் வேலைக்குப் போகும்போது ஒரு காலிக் குடத்தை எடுத்துக்கொண்டார். வாசலில் குடத்தைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு விட்டார்கள். வேலை முடிந்து திரும்பும்போது பழைய கிணற்றில் துருத்தண்ணீரை இறைத்துக்கொண்டு வந்தார். ஜெயாவுக்கும் அதைத்தான் கொடுத்தார். கேட்டவர்களிடம், "உள்ளே இருக்கற தண்ணி வேண்டாம். இதுல இரும்பு மட்டுந்தான். அதுல பாஷாணம் இருக்கு" என்றார். ஒரு வாரத்தில் இன்னும் நான்கு பெண்கள் குடம் எடுத்துக்கொண்டு போனார்கள். ராஜம்மா போகவில்லை. அவள் இனி யாருக்காகத் தண்ணீர் தூக்க வேண்டும்?

இரண்டாவது வாரம் வாசல் காவலுக்குப் புதிய ஆள் வந்தார். உள்ளே பளிங்குபோல் கிணறு இருக்க, காட்டோரத்துக்குப் போய்ச் சேற்றுத் தண்ணீர் தூக்கி வருகிற பெண்களைப் பார்த்ததும் அவருக்குச் சந்தேகம் வந்தது. அங்கே யாரையாவது பார்க்கிறார்களோ என்று நினைத்தார். குடங்களைக் கொட்டச் சொன்னார். மற்றவர்கள் கொட்டினார்கள். இருசம்மாள் அக்கா குடத்தை இறக்காமல் நின்றார். கூப்பிட்டுப் போய் ஜாசின் போலீஸ் ஸ்டேஷனில் வைத்துவிட்டார்கள்.

அன்றைக்கு என் கணவர் ஒன்றும் யோசிக்காமல் சட்டையை மாட்டிக்கொண்டு டிரசர் வீட்டுக்குப் போனார். அக்காவிடம் கேட்டு நான் அவருக்குச் சொல்லியிருந்ததையெல்லாம் அப்படியே சொல்லிவிட்டார். டிரசர் கையிலிருந்த பேப்பரை மடித்து வைத்தாராம். பிறகு, "நீங்க மழைத்தண்ணியா குடிக்கிறீங்க? உங்க வீட்டுல ஒருத்தருக்கும் ஒன்னுமில்லையா?" என்று இரண்டு முறை கேட்டாராம். டிரசருக்குத் துரை பங்களாவின் குழாய்த் தண்ணீர். அவர் வீட்டிலும் யாருக்கும் ஒன்றுமில்லை. அது அவருக்கு அந்த நிமிஷம் வரை தோன்றவே இல்லை.

இரண்டாம் நாள் டிரசர் ஜாசினுக்குப் போய், இந்தப் பெண் தன் நோயாளி, காட்டுக்காரர்களோடு சம்பந்தமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அழைத்து வந்தார். பஸ்ஸில் வரும்போது அவர் அக்காவின் கையை வாங்கி வெளிச்சத்தில் நகத்தைப் பார்த்தார்.

"நான் காலைத்தான் பார்த்தேன், இருசம்மா. கையைப் பார்க்கல" என்று அவர் சொன்னதாக அக்கா பிறகு என்னிடம் சொன்னார். "படிச்ச மனுஷன் என்கிட்ட அப்படிச் சொன்னாரு" என்று அதையே மறுபடி சொன்னார்.

டிரசர் பத்து வீட்டிலிருந்து நகமும் தலைமுடியும் வெட்டி எடுத்தார். எங்கள் வீட்டிலும் எடுத்தார். ஒரு பாட்டிலில் கிணற்றுத் தண்ணீர், ஒன்றில் பழைய கிணற்றுத் தண்ணீர், ஒன்றில் எங்கள் சாடித் தண்ணீர் என்று பிடித்து, அடைத்து, பெயர் எழுதிக் கோலாலம்பூருக்குச் சோதனைக்கு அனுப்பினார். துரையிடம் கேட்காமல் அனுப்பினார். பதில் வர ஏழு வாரம் ஆனது.

அந்த ஏழு வாரமும் இருசம்மாள் அக்கா வேலைவிட்டு வந்ததும் கிணற்றடியில் போய் நிற்பார். இறைக்க வருகிறவர்களைத் தடுக்கமாட்டார். "குழந்தைக்குக் கொடுக்காதே" என்று மட்டும் சொல்வார். சிலர் திட்டினார்கள். புருஷனை முழுங்கியவளுக்குப் புத்தி பிசகிவிட்டது என்றும் சொன்னார்கள். சிலர் குழந்தைக்கு மட்டும் எங்கள் சாடியிலிருந்து ஒரு செம்பு கேட்டு வந்தார்கள். என் கணவர் இன்னும் மூன்று சாடி வாங்கிப் போட்டார். மண்டோரின் மனைவியும் ஒருநாள் முந்தானைக்குள் செம்பை மறைத்துக்கொண்டு வந்தாள்.

மார்ச் மாதம் பதில் வந்தது. புதுக் கிணற்றிலும், எங்கள் வீட்டைத் தவிர மற்றவர்களின் நகத்திலும் முடியிலும் ஆர்செனிக், அக்கா சொன்ன அதே பாஷாணம். பழைய கிணற்றில் இரும்பைத் தவிர ஒன்றுமில்லை. எங்கள் சாடியில் ஒன்றுமில்லை. மறுநாள் கிணற்றுக்குப் பலகை அடித்து மூடினார்கள். தினமும் லாரியில் தண்ணீர் வர ஆரம்பித்தது.

மலாக்காவிலிருந்து ஒரு வெள்ளைக்கார சுகாதார அதிகாரி வந்தார். கொட்டகை எந்த இடத்தில் இருந்தது என்று காட்டச் சொன்னார். வேலைவிட்டு வந்த ஜனங்கள் எல்லாரும் சுற்றி நின்றார்கள். பக்கத்திலிருந்த ரப்பர் ஆலையின் மூலைக்கல்லிலிருந்து இருசம்மாள் அக்கா அடிவைத்து அளந்துகொண்டே நடந்தார். கால் மரத்திருந்ததால் ஒவ்வோர் அடியையும் குனிந்து பார்த்து வைத்தார். நாலு மூலையையும் காட்டினார். கிணறு அதற்குள்ளேயே இருந்தது.

அதிகாரி ஏதோ கேட்டார். டிரசர் தனபாலன் தமிழில் திருப்பிக் கேட்காமல் தானே பதில் சொன்னார். எனக்கு அவ்வளவு இங்கிலீஷ் புரியும். மருந்தை இங்கே கழுவி ஊற்றியது யார் என்பது கேள்வி. பழைய கூலிகள், இப்போது யாரும் உயிரோடு இல்லை என்பது பதில். அக்காவைக் காப்பாற்றத்தான் அவர் அப்படிச் சொன்னார்.

இருசம்மாள் அக்காவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் டிரசர் தன் முகத்தைப் பார்க்காமல் பேசியது தெரிந்தது.

"என்ன கேட்டாரு?"

"ஒன்னுமில்லம்மா."

"யார் ஊத்துனதுன்னு கேட்டாரா?"

டிரசர் தலையைக் குனிந்துகொண்டார். அக்கா அதிகாரிக்கு எதிரில் போய் நின்று, கையைத் தன் மார்பில் வைத்தார். "நான்தான்" என்றார். "நான் ஊத்துனேன். வெட்டும்போது தெரிஞ்சும் சொல்லல. எழுதச் சொல்லுங்க ஐயா."

டிரசர் அதைச் சொன்னாரா, எவ்வளவு சொன்னார் என்று எனக்குத் தெரியாது. அவர் குரல் மிகவும் இறங்கியிருந்தது. அதிகாரி அக்காவைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எதையோ எழுதிக்கொண்டார்.

கூட்டம் கலையவில்லை. ராஜம்மா முன்னால் வந்தாள்.

"கெணறு வெட்டும்போதே ஒனக்குத் தெரியுமாக்கா?"

"தெரியும்."

"எம்புள்ள பொறக்கறதுக்கு முன்னாடியே."

"ஆமா."

 ராஜம்மா திரும்பி நடந்து தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு இரண்டு பேரும் ஒரே கும்பலில் புல் வெட்டினார்கள், ஒரே லாரியில் தண்ணீர் பிடித்தார்கள். ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

துரை யார்மேலும் பழி சொல்லவில்லை, தன்மேலும் ஏற்றுக்கொள்ளவில்லை. மருந்தடிப்பும் நிற்கவில்லை. வாளி கழுவுகிற இடத்தை மட்டும் தூரத்துக்கு மாற்றினார்கள். அடுத்த வருடம் டிரசர் தனபாலனுக்கு நெகிரி செம்பிலானில் ஒரு தோட்டத்துக்கு மாற்றல் வந்தது. போகும்போது எங்கள் கடைக்கு வந்து என் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மலாக்காவில் கடலோரப் பகுதிகளுக்கு முதலில் கட்டுப்பாடு நீங்கியது. எங்கள் பக்கம் அதற்கு இன்னும் கொஞ்ச காலம் ஆயிற்று. வாசலில் காவல் எடுபட்டதும் பலர் பழைய லயங்களுக்கே திரும்பிப் போனார்கள். நல்ல தண்ணீர் குடித்த பிறகு பெரும்பாலானவர்களுக்குப் பேதி நின்றது, குழந்தைகள் தேறின. கறுப்புப் புள்ளிகள் போகவில்லை. மரத்த கால் பாதிதான் திரும்பி வந்தது.

ஜெயா, சுலைமான் பஸ் என்று எல்லாரும் சொல்லும் பஸ்ஸில் கண்டக்டராக இருந்த ரங்கசாமியைக் கட்டிக்கொண்டு ஜாசினுக்குப் போனாள். அக்காவையும் கூட்டிக்கொண்டாள். 1957ஆம் வருடம் அக்காவின் வலது உள்ளங்கையில் ஒரு தடிப்பு வெடித்துப் புண்ணானது. ஆறவே இல்லை. ஆஸ்பத்திரியில் இரண்டு விரலை எடுத்தார்கள். பிறகு அது அக்குளில் கட்டியாகத் தெரிந்தது. அதற்கு மேல் செய்வதற்கில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எல்லாருக்கும் அப்படி ஆகவில்லை. அங்கே மிஞ்சியிருந்தவர்களில் மூன்று வருடம் அந்த மருந்தைக் கையால் கலக்கியவர் அவர் ஒருவர்தான்.

மாதம் ஒருமுறை நான் போய்ப் பார்ப்பேன். 1958 கடைசியில் ஒருநாள் தோட்டத்து முனையில் பஸ்ஸுக்கு நின்றபோது ராஜம்மாவும் வந்து நின்றாள். அதே பஸ்ஸில் ஏறினாள். எங்கே போகிறாய் என்று நான் கேட்கவில்லை. ஜாசினில் நான் இறங்கிய இடத்திலேயே இறங்கி, எனக்கு நாலடி பின்னால் நடந்து வந்தாள்.

அக்கா ஜன்னல் பக்கம் பாயில் படுத்திருந்தார். வாசலில் நின்றவளை உடனே கண்டுகொண்டார்.

"வா, ஒக்காரு."

ராஜம்மா உட்கார்ந்தாள். சேலை நுனியைக் கையில் சுற்றிக்கொண்டு கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தாள்.

"ஒன்ன மன்னிச்சிட்டேன்னு சொல்றதுக்கு நான் வரலக்கா."

"வேண்டாம். நீ அப்படிச் சொல்லவும் வேண்டாம்."

"பின்னே எதுக்கு வந்தேன்னு எனக்கே தெரியல."

 ஜெயா கஞ்சிக் கிண்ணத்தோடு வந்தாள். அவளுக்கு அப்போது மாசம் நிறைந்திருந்தது, கீழே குனிந்து உட்கார முடியவில்லை. ராஜம்மா எழுந்து கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். அக்காவின் தலையைத் தன் மடியில் சாய்த்து வைத்து, ஊதி ஊதி ஒவ்வொரு கரண்டியாகக் கொடுத்தாள். கிண்ணம் காலியானதும் அக்காவின் வாயைத் துடைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு என்னோடு அவளும் இரண்டு மாதம் வந்தாள். 1959 மார்ச்சில் அக்கா போய்விட்டார். தோட்டத்திலிருந்து இரண்டு லாரி நிறைய ஜனங்கள் வந்தார்கள். மண்டோர் சாமிக்கண்ணு கிழடு தட்டிப்போன உடம்போடு சுடுகாடு வரை நடந்தார்.

காரியம் முடிந்து நானும் ராஜம்மாவும் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம். வேலி எடுத்த இடத்தைத் தாண்டும்போது அவள் வெளியே பார்த்தபடி சொன்னாள்.

"புள்ளைக்குப் பேரு வச்சிருந்தோம், ரம்லா. கோமளா."

தோட்டத்தில் எல்லாரும் பாப்பா என்றே கூப்பிட்டதால் எனக்கு அது அன்றைக்குத்தான் தெரிந்தது.